மறுமுறை எழுதும் தேர்வு

சான்றிதழ் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் என்று வட்டாட்சியர் அலுவலக வாயிலில் கால்கடுக்க நின்று பெறுகிறோம். பெற்றபின், அச்சொல்லின் முதற்பாதியை மறந்துவிடுகிறோம். சான்று என்றால் சாட்சி. நாம் இல்லாத இடத்தில், நம்மை அறியாத ஒருவர் முன்னிலையில், ஒரு தாள் நம்மைப் பற்றிச் சாட்சி சொல்கிறது. அவர் நம் முகத்தைப் பார்த்ததில்லை. அந்தத் தாளை நம்பியே தம் பணத்தையோ பொறுப்பையோ நம்மிடம் ஒப்படைக்கிறார்.

அத்தகைய சாட்சியைப் பெறுவதற்கான தேர்வில் ஒருவன் தோற்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மறுமுறை எழுதப் போகிறான். இம்முறை அவன் தேட வேண்டியது தாளையா, தாள் சொல்லப்போகும் உண்மையையா? இரண்டும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். முதல் முறையிலேயே தேறிவிட்டவர்களுக்கு இவை இரண்டும் ஒன்றாகவே இருந்துவிடுகின்றன. தோற்றவனுக்குத்தான் இவை வேறுவேறாகப் பிரிந்து தெரிகின்றன.

காஞ்சிபுரத்தில் வாழ்கிறவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. இங்கே சரிகை என்ற ஒன்று இருக்கிறது. பட்டு இழையின்மீது தட்டையாக்கப்பட்ட வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குப் பொன் முலாம் பூசினால் அது அசல் சரிகை. வெள்ளிக்குப் பதில் செம்பையும், பட்டுக்குப் பதில் செயற்கை இழையையும் வைத்துச் செய்ததும் கடை விளக்கில் அதே மினுக்குத்தான் மினுக்கும். வாங்க வருகிறவர் எங்கோ தொலைவிலிருந்து, மகளின் திருமணத்துக்குச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு வருகிறார். இழையின் உள்ளே இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலத்துப் பாட்டிமார் சரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளிருந்து சிவப்புப் பட்டு எட்டிப் பார்க்கிறதா என்று சோதிப்பார்கள். இன்று பொன், வெள்ளி விகிதத்தைச் சொல்லும் இயந்திரங்கள் வந்துவிட்டன. பட்டுக்குச் சில்க் மார்க் முத்திரை 2004-ல் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06-ல் கிடைத்தது. இத்தனை முத்திரைகளும் ஏன் தேவைப்பட்டன? வாங்குகிறவர் நெய்தவரை அறியமாட்டார் என்ற ஒரே காரணத்தால்தான்.

தறிக்குழியில் அமர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று கணினியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். சின்ன காஞ்சிபுரத்திலும் பெரிய காஞ்சிபுரத்திலும் விடியுமுன் கிளம்பிச் சென்னைப் புறநகர்களுக்குப் பேருந்து ஏறும் இளைஞர்களைப் பார்க்கிறோம். பொறியியல் பட்டம் மட்டும் போதவில்லை. கணினி நிறுவனங்கள் தாமே நடத்தும் திறன் தேர்வுகளிலும் தேற வேண்டியிருக்கிறது. இவற்றுள் சில மிகக் கடினமானவை. சிஸ்கோ நிறுவனம் 1993-ல் தொடங்கிய வலைப்பின்னல் வல்லுநர் தேர்வின் செய்முறைப் பகுதி 2001 வரை இரண்டு நாள் நடந்தது. இப்போது ஒரே நாளில் 8 மணி நேரம். பலமுறை எழுதித் தேறுவது அங்கே வழக்கமேயன்றி விதிவிலக்கன்று. எனக்கு ஓரளவு தெரிந்தது வேறொன்று: லினக்ஸ் இயங்குதளத்தைக் கையாள்வதற்கு ரெட் ஹேட் நிறுவனம் நடத்தும் தேர்வு. எங்கள் ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் நெசவாளர் ஒருவரின் மகன் அதை எழுதிக்கொண்டிருப்பதால், அதைப் பற்றிக் கேட்டறியும் வாய்ப்புக் கிடைத்தது. கணினியைத் தொடவும் தயங்குகிற என் போன்றோருக்கும் அந்தத் தேர்வின் அமைப்பு மனத்தைத் தொடுகிறது.

அதில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. உயிருள்ள இயந்திரத்தை முன்னே வைத்துவிட்டு, 'இவற்றைச் செய்' என்று பணிகளைக் கொடுத்துவிடுகிறார்கள். கடவுச்சொல் தெரியாத இயந்திரம் ஒன்றை, அது விழித்தெழும் வேளையில் இடைமறித்து முறையாக உள்ளே நுழையவும் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தைப் பார்க்கக் கூடாது. ஆனால் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் கையேட்டுப் பக்கங்களைத் தாராளமாகப் புரட்டலாம். மனப்பாடத்துக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. 300 மதிப்பெண்ணுக்கு 210 பெற்றால் தேர்ச்சி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை உண்டு. செய்து முடித்த வேலை யாவும், இயந்திரத்தை அணைத்து மீண்டும் இயக்கிய பிறகும், யாருடைய உதவியுமின்றி நிலைத்திருக்க வேண்டும். தேர்வு எழுதியவன் எழுந்து போன பிறகு, அவன் இல்லாத வேளையில் திருத்தம் நடக்கிறது.

நான் சொன்ன இளைஞன் முதல் முறை தோற்றது இந்த இடத்தில்தான். எந்த வட்டுப் பகுதியை எங்கே இணைக்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் சிறு கோப்பு ஒன்று உண்டு. அதில் ஒரு வரியில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டதாக அவன் பிறகு யோசித்து அறிந்தான். இயந்திரம் மறுபடி எழவில்லை. எழாத இயந்திரத்தில் மற்ற வேலைகள் எவ்வளவு செம்மையாக இருந்தென்ன? பயனாளர் கணக்குகள், உரிமைகள், நேர அட்டவணைகள் என்று அவன் சரியாகச் செய்திருந்த அனைத்தும் அந்த ஓர் எழுத்தோடு மூழ்கிப்போயின.

"ஒரு எழுத்துக்காக எல்லாத்தையும் பூஜ்யம் ஆக்கறது நியாயமா ஃபாதர்?" என்று அவன் கேட்டான். நாம் பள்ளியில் கற்ற நீதி வேறு. அங்கே வழிமுறைக்குப் பாதி மதிப்பெண் உண்டு. கணக்கின் விடை தவறினாலும் ஆசிரியர் இரக்கப்படுவார். அந்த இரக்கம் நல்லதுதான், ஏனெனில் பள்ளித் தேர்வு மாணவனை வளர்ப்பதற்காக இருக்கிறது. இந்தத் தேர்வோ மாணவனுக்காக மட்டும் இருப்பதன்று. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான இற்றைப்படுத்தல் உலகெங்கும் பரவியபோது ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் விழித்தெழ முடியாமல் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் ரத்தாயின; மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன; நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மென்பொருளில் பெரும்பகுதி சரியாகத்தான் இருந்திருக்கும். அறுவைக்காகப் பட்டினி கிடந்த நோயாளிக்கு அதனால் ஆவதென்ன? எழாத இயந்திரத்துக்குப் பாதி மதிப்பெண் தர மறுக்கும் தேர்வு, அந்த நோயாளியின் சார்பில் பேசுகிறது. கடுமை என்று சொல்லலாம். அநீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறொரு வகையில் அது அநீதியாக இருக்கக்கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை. கட்டணம் ஒரு நெசவாளர் குடும்பத்தின் மாதக் கூலியை விழுங்கிவிடுகிறது. தோற்றால் அது திரும்பி வராது. கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வீட்டில் தனியறையும் தடையற்ற மின்சாரமும் உள்ளவனுக்கும், தறிச் சத்தத்துக்கு நடுவே பழைய கணினியில் பயிற்சி செய்கிறவனுக்கும் ஒரே கடிகாரம் ஓடுகிறது. முடிவைச் சொல்லும் மின்னஞ்சலில் எந்தப் பகுதியில் எத்தனை விழுக்காடு என்று இருக்குமே தவிர, எங்கே சறுக்கினாய் என்ற விளக்கம் இருக்காது. தவறைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையும் தோற்றவன் தலையிலேயே விழுகிறது.

இந்த நிலையில்தான் அவனிடம் ஒருவர் வந்தார். தேர்வில் வரும் பணிகள் அப்படியே தம்மிடம் இருப்பதாகவும், கட்டணத்தில் ஒரு சிறு பங்கைக் கொடுத்தால் தருவதாகவும் சொன்னார். கணினித் துறையில் இதற்கு 'டம்ப்' என்று பெயர். முன்பு எழுதியவர்கள், கேள்விகளை வெளியிடமாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பின்னரும், நினைவிலிருந்து எடுத்துத் தொகுத்து விற்பவை.

அவனுடைய வாதத்தை முழுமையாக எடுத்துரைப்பதே நேர்மை. 'எனக்கு வேலை தெரியும். பத்து இயந்திரங்களை நான் தினமும் பார்த்துக்கொள்கிறேன். தாள் இல்லாததால் மேல்நிலை வேலை கிடைக்கவில்லை. தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும். அப்பாவுக்கு முதுகு போய்விட்டது. டம்பைப் படித்துத் தேறினால், தாள் சொல்வது பொய்யாகிவிடுமா? எனக்குத்தான் வேலை தெரியுமே!' இதை எளிதில் தள்ளிவிட முடியாது. திறமையற்றவன் திருட்டுத்தனமாகத் தேறுவது வேறு. திறமையுள்ளவன் குறுக்குவழியில் தேறுவது வேறு. முன்னதில் சாட்சியே பொய். பின்னதில் சாட்சி மெய்யாகவும் இருக்கலாம்.

இருக்கலாம் என்பதில்தான் சிக்கல். 'எனக்கு வேலை தெரியும்' என்று சொல்கிறவன் அதை எவ்வாறு அறிந்தான்? இயந்திரம் எழாமல் போகும் வரை, அந்தக் கோப்பைத் திருத்தியபின் சரிபார்க்காமல் விட்டுவிடும் பழக்கம் தனக்கு இருப்பதே அவனுக்குத் தெரியாது. அலுவலகத்தில் அவன் அருகே மூத்தவர் ஒருவர் எப்போதும் இருந்தார். அவர் பார்த்துத் திருத்தியிருப்பார். தோல்விதான் அவனைப் பற்றி அவனே அறியாத ஒன்றை முதன்முதலாகச் சொன்னது. பணிகள் முன்கூட்டியே தெரிந்தால் அவற்றை மட்டும் ஐம்பது முறை செய்துபார்த்துவிட்டுப் போவான், இயந்திரம் எழும், பழக்கமோ அப்படியே இருக்கும். டம்பு விற்கிறவர் விடையை மட்டும் விற்பதில்லை. தோல்வி சொல்ல வந்த செய்தியின் வாயையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தாளை நம்புகிற அந்நியர், 'இவன் முன்பின் அறியாத பணியைத் தனியே செய்து முடிப்பவன்' என்றுதான் அதைப் படிக்கிறார். அறிந்த பணியைச் செய்து பெற்ற தாள் அந்த வாக்கியத்தைச் சொல்ல உரிமையற்றது, செய்தவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும். அடுத்த தெருவில் நேர்வழியில் எழுதித் தேறியவனின் தாளும் இதனால் மங்குகிறது. போலிச் சரிகை பெருகிய பிறகு அசல் சரிகை நெய்தவரும் சோதனை இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்க நேர்ந்ததல்லவா?

இது தனியார் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வில், இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் சற்று நேரத்தில் மறையும் மையால் விடை குறிக்கப்பட்ட கதை வெளிவந்தது. 2020 சனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அந்த 99 பேரில் உழைத்திருந்தால் நேர்மையாகவே தேறியிருக்கக் கூடியவர்கள் சிலராவது இருந்திருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

அதே 2020-ல் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. பெருந்தொற்றுக் காலம். ஆகஸ்டு மாதத்தில், அரியர் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தியிருந்த மாணவர்கள், இறுதிப் பருவம் தவிர மற்றவற்றில், தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்றதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஊரெங்கும் நன்றிச் சுவரொட்டிகள் முளைத்தன. சிரித்தோம், ஆனால் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கொடுமையும் இருந்தது. ஆண்டுக்கணக்கில் அரியரைச் சுமந்தவன் அடையும் நிம்மதியை, ஒருமுறையும் தோற்காதவர்கள் கேலி செய்வது எளிது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. எழுதாத தேர்வில் தேர்ச்சி வழங்குவதை 2021-ல் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தேர்வு நடத்த வேண்டும் என்றது. அரசின் நோக்கம் இரக்கமாகவே இருந்திருக்கலாம். ஆயினும் அந்த மாணவனுக்குக் கிடைக்க இருந்தது என்ன? 'நீ தோற்கவில்லை' என்ற சொல்லும் இல்லை, 'நீ கற்றுவிட்டாய்' என்ற சொல்லும் இல்லை. ஒரு வெற்றிடத்தின்மேல் முத்திரை.

மறுதேர்வு என்ற ஏற்பாடே எத்தகைய பெரிய கொடை என்பதை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. நம் மாவட்டத்திலேயே உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறைக்காக எல்லாரும் அவற்றைப் புகழ்வார்கள், புகழட்டும். எனக்கோ அவற்றில் தகுதியின்மையைச் சொல்லும் வரிகளே நினைவில் நிற்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரை மறுபடி குடத்தில் இடக்கூடாது. அவர் மட்டுமன்று, அவருடைய உறவினரின் பெயரும் கூடாது. சில குற்றங்களுக்குப் பரிகாரம் செய்து தூய்மை அடைந்தவரும் ஆயுள் உள்ளவரை தகுதி பெறமாட்டார். பொதுப்பணத்தைக் காக்க எழுந்த விதிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் திருந்தியவனுக்கும் கதவு திறக்காத ஓர் உலகம் அது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தோற்றவனுக்குச் சில நாள்களிலேயே மறுபடி இருக்கை தரும் இக்காலத் தேர்வு, அதன் கட்டணக் கொடுமையையும் மீறி, மனிதத்தன்மை கொண்டதாகவே தெரிகிறது. முன்பு தோற்றாய் என்பது அந்தச் சான்றிதழில் எங்கும் அச்சாவதில்லை.

தேர்வில் தோற்றவர்களைத் தேற்ற நம்மவர்கள் உடனே இராமானுஜனை இழுத்து வருவார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்ததும், சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வில் 1906-லும் 1907-லும் தோற்றதும் உண்மைதான். ஆனால் அவர் அந்தத் தேர்வை வென்று காட்டவில்லை. அதை விட்டு விலகித் தம் வழியே போனார். அவருடைய கதை மறுதேர்வு எழுதுகிறவனுக்கு உரிய கதையன்று. ஆயிரத்தில் ஒருவன்கூட இராமானுஜன் ஆகப்போவதில்லை. இயந்திரம் மறுபடி எழுமாறு ஒரு வரியை ஒழுங்காக எழுதக் கற்பவனுக்கு மேதைமை தேவையில்லை. அவனை மேதையோடு ஒப்பிட்டுத் தேற்றுவது அவன் செய்யும் வேலையைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பது என் எண்ணம்.

அவனுக்குப் பொருத்தமான முன்மாதிரி வீட்டிலேயே இருக்கிறது. அவன் தந்தை நெய்வது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் தனித்தனி நாடாவில் ஓடி, ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். தறியின் மறுபக்கம் ஒருவர் அமர்ந்து கரை நாடாவை வீசித் தருவார். சிறுவயதில் அந்த இடத்தில் அமர்ந்தவன் இவன்தான். பற்று ஓரிடத்தில் தவறிப்போனால், அதற்கு மேலே நெய்தது எவ்வளவு அழகாக இருந்தாலும், அங்கே வரை ஊடை இழையைப் பிரித்தெடுத்து மறுபடி நெய்வார்கள். நான் அவரிடம் மகனின் தேர்வைப் பற்றிப் பேசப் போனபோது, தறியை நிறுத்தாமலே அவர் சொன்னார்: "பிரிக்கிறது ஒரு நாள் வேலைங்க சாமி. அந்த நாளுக்குக் கூலி கிடையாது. அவனுக்கும் அப்படித்தான்னு வெச்சுக்கிட்டேன்."

அந்தக் கூலியில்லாத நாளைப் பற்றி மெய்யியலாளர் அதிகம் எழுதவில்லை. துணிவு என்றதும் பாய்ந்து தாக்குவதையே நாம் எண்ணுகிறோம். துணிவின் தலையாய செயல் தாக்குவதன்று, தாங்கி நிற்பதே என்றார் அக்குவினாஸ் தோமா. தாக்குகிறவனுக்குத் தன் வலிமையைப் பற்றிய நம்பிக்கை துணை நிற்கும். தாங்குகிறவனோ தன்னிலும் வலியதன் எதிரே நெடுநேரம் நிற்க வேண்டும். குருமடத்தில் இதைப் படித்தபோது போர்க்களமும் வேதசாட்சிகளும் என் மனக்கண்முன் வந்தனர். இப்போதோ, இரவு பதினோரு மணிக்கு அலுவலகத்திலிருந்து திரும்பி, தூங்கும் வீட்டில் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஏற்கெனவே தெரிந்த பாடத்தை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்குகிற பிள்ளைகளும் வருகிறார்கள். தெரிந்ததைத் தெரியாதது போல் மறுபடி படிப்பதில் புதுமையின் இன்பம் கிடையாது. பிறர் பாராட்டும் கிடையாது. வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கும்.

ஆனால் எத்தனை முறை? தாங்குவதற்கும் ஓர் எல்லை இருக்கவேண்டுமே. தாங்குகிறவன் அவன் ஒருவன் மட்டுமல்லவே. கட்டணம் தங்கையின் படிப்பிலிருந்தும் தந்தையின் மருந்திலிருந்தும் வருகிறது. விடாமுயற்சி என்ற பெயரில் வீட்டாரின் பொறுமையைச் செலவழிக்க எவனுக்கும் வரம்பற்ற உரிமை இல்லை. சில பெற்றோர் கடன் வாங்கி ஐந்தாம் முறை, ஆறாம் முறை என்று அனுப்புவதைக் கண்டிருக்கிறேன். அங்கே தேர்வு ஒரு சூதாட்டமாக மாறிவிடுகிறது. ஒவ்வொரு தோல்வியும் புதிதாக ஒன்றைச் சொல்லும் வரையில் மறுமுறை எழுதுவது தகும் என்று நினைக்கிறேன். அதே தவறு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டொன்று பொறுப்பது நல்லது. இதற்கு மேல் பொதுவான விதி எதையும் என்னால் கூற இயலவில்லை. வீட்டுக்கு வீடு கணக்கு வேறுபடுகிறது.

டம்பு விற்க வந்தவரை அவன் திருப்பி அனுப்பினான். நான் சொன்னதனால் அன்று. என்னிடம் வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டிருந்தான். வாதத்தை என்னிடம் விரித்துரைத்தது, தான் செய்தது முட்டாள்தனமோ என்ற ஐயத்தால். அவனுடைய நண்பர்கள் அவ்வாறுதான் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாம் முறை எழுதினான். அதற்கு முன் இரண்டு மாதம், எந்தப் பயிற்சி செய்தாலும் முடித்தவுடன் இயந்திரத்தை அணைத்து மறுபடி இயக்கி, அது தானே எழுகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டான். அலுவலகத்திலும் அப்படியே செய்யத் தொடங்கியதில் மூத்தவருக்கு ஒரு வேலை குறைந்ததாம். தேர்வு நாளில் இயந்திரம் எழுந்தது. மதிப்பெண் 196. வட்டுப் பகுதிகளில் முழு விழுக்காடு. கொள்கலன்கள் என்ற புதிய பாடத்தில் சரிந்திருந்தது.

அடுத்த கட்டணத்துக்கு அவன் வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. தந்தையின் தறியில் ஒரு கல்யாணச் சேலை பாதியில் நிற்கிறது. மறுபக்க நாடா வீசுகிற பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். சனி, ஞாயிறுகளில் அந்த இடத்தில் இவன் அமர்கிறான். சேலை இறங்கியபின் தேதி குறிக்கலாம் என்று இருக்கிறான்.